இரண்டு பேர், ஒரு டாங்கி: கட்டுவதும் வெதரிங் செய்வதும்

பெட்டியைப் பிரித்த கையோடு கட்டரை எடுக்காதீர்கள். இருவரும் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்த வண்டி எங்கே செய்யப்பட்டது? இப்போது எந்த ஊரில் நிற்கிறது? அது எந்த மாதம்? எவ்வளவு காலம் ஓடிய வண்டி? அதில் ஏறி இறங்குகிறவர்கள் யார்? இருவருக்கும் ஒப்புதலான பதில் கிடைக்கும்வரை ஒரு பாகத்தையும் வெட்ட வேண்டாம்.

சேர்ந்து கட்டும் மாடல் கெட்டுப்போனால் பெரும்பாலும் அதற்குப் பசையோ வண்ணமோ காரணமாக இருக்காது. ஒருவர் மனதில் மழைக்காலச் சேறு இருக்கும், மற்றவர் மனதில் கோடைப் புழுதி இருக்கும். ஒருவர் நேற்று வந்த வண்டியை நினைத்துத் தூரிகை பிடிப்பார், மற்றவர் வயல்வெளியில் வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை நினைத்திருப்பார். இரண்டும் ஒரே ஹல் (வண்டியின் உடல்) மீது ஏறினால் பார்ப்பவருக்கு எதிலும் நம்பிக்கை வராது.

வெதரிங்குக்கு, அதாவது மாடலை ஓடித் தேய்ந்த வண்டியாகக் காட்டும் வேலைக்கு, அடிப்படையான விதி ஒன்றுதான். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் வேண்டும். மழை, புழுதி, எண்ணெய், பூட்ஸ் கால், பிடித்து ஏறிய கை என்று ஏதோ ஒன்று அந்தத் தடத்தை விட்டிருக்க வேண்டும். தனியாக வேலை செய்பவர் கை போகும் வேகத்தில் அதை மறந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர்தான் "இது ஏன் இங்கே?" என்று கேட்பார். துணையோடு கட்டுவதன் பெரும்பயன் அந்தக் கேள்விதான். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைப் பங்கீடும் படி வரிசையும் அந்தக் கேள்விக்கு இடம் வைப்பதற்காகவே.

எடுத்துக்காட்டு வண்டி: டி-34/85

இருவர் சேர்ந்து செய்யும் முதல் வண்டிக்கு சோவியத் டி-34/85 மிகப் பொருத்தம். 1944 தொடக்கத்தில் உற்பத்திக்கு வந்தது. 85 மி.மீ. பீரங்கி, ஐந்து பேர் குழு, 32 டன் எடை, 500 குதிரைத்திறன் கொண்ட வி-2 டீசல் எஞ்சின். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள்தான், மேலே டிராக்கைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. அதனால் கட்டுவது எளிது. டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு) வார்ப்பு எஃகு, ஹல் உருட்டுத் தகடு. சொரசொரப்பும் வழவழப்பும் ஒரே வண்டியில் இருப்பதால் பழக நல்ல களம். டாமியா, ஸ்வெஸ்டா, அகாடமி ஆகிய மூன்று நிறுவனங்களும் 1/35 அளவில் இதன் கிட்டை வெளியிட்டிருக்கின்றன.

1/35 என்ற விநோதமான அளவு எந்தக் கணிதத்திலிருந்தும் வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் டாமியா நிறுவனம் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி கிட் ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக ஹல்லின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது அது அசலில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. அதுவே பிற்பாடு படைவண்டி மாடல்களின் பொது அளவாக நிலைத்தது.

நம் தாளில் இப்படி எழுதிக்கொள்வோம்: 1945 தொடக்கத்தில் நிஷ்னி தகில் நகரின் 183ஆம் எண் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. இப்போது 1945 ஏப்ரல் கடைசி, பெர்லின் நகரத் தெரு. சில மாதங்கள் ஓடியிருக்கிறது. உள்ளே ஐந்து பேர். எஞ்சின் மூடித் தகட்டின் மேல் உட்கார்ந்து வரும் காலாட்படையினர் சிலர்.

இந்தச் சில வரிகளிலேயே வெதரிங்கில் பாதி முடிவாகிவிடுகிறது. சில மாத வண்டியில் ஆழமான துரு இருக்காது. ஏப்ரல் கடைசியில் பனி இருக்காது. கீழே காய்ந்த வசந்தகாலச் சேறு, அதன் மேல் இடிந்த கட்டடங்களின் சாம்பல் நிறத் தூசி, நடுநடுவே செங்கற்பொடி, மேல்தளத்தில் ஆள் ஏறி இறங்கிய தேய்மானம். நேச நாட்டு விமானங்கள் தவறாகத் தாக்காமல் இருக்க டரட்டைச் சுற்றி அவசரமாகப் பூசிய வெள்ளைப் பட்டையும் வேண்டும்.

அளவைக் கண்ணுக்குப் பழக்குங்கள்

அசலின் நீளம் பீரங்கிக் குழலோடு 8.1 மீட்டர், அகலம் 3 மீட்டர். மாடலில் அது 23 செ.மீ. நீளம், எட்டரை செ.மீ. அகலம். இருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய கணக்கு இன்னொன்று: மாடலில் 1 மி.மீ. என்பது அசலில் 35 மி.மீ. தூரிகை நுனியால் 1 மி.மீ. பொட்டு வைத்தால் மூன்றரை செ.மீ. அகலத்துக்கு வண்ணம் உரிந்ததாக அர்த்தம். ஹல் வயிற்றுக்கும் தரைக்கும் அசலில் 40 செ.மீ. இடைவெளி, மாடலில் பதினொன்றரை மி.மீ. சேறு தடிமனாக எந்த உயரம்வரை ஏறலாம் என்பதை இந்த எண்ணே காட்டிக் கொடுக்கும். "இது அசலில் எத்தனை செ.மீ.?" என்று ஒருவரையொருவர் அடிக்கடி கேளுங்கள். மிகையான வேலை அங்கேயே நின்றுவிடும்.

யார் எதைச் செய்வது

ஹல் உனக்கு, டரட் எனக்கு என்று பிரிக்காதீர்கள். இரண்டு கைகளின் அழுத்தமும் இரண்டு கண்களின் நிறத் தேர்வும் வேறு. டரட்டை ஹல் மேல் வைத்த நாளில் இரண்டும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்தவைபோல நிற்கும்.

ஒட்டும் கட்டத்தில் பாகங்களைப் பிரித்துக்கொள்ளலாம். சக்கரங்களும் டிராக்கும் ஒருவருக்கு, டரட்டும் மேல்தளமும் மற்றவருக்கு. வண்ணக் கட்டம் தொடங்கியதும் படிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாஷ் (இடுக்குகளில் விடும் நீர்த்த வண்ணம்) என்றால் முழு வண்டிக்கும் ஒரே கை. சிப்பிங் (வண்ணம் உரிந்த தடங்கள்) என்றால் முழு வண்டிக்கும் இன்னொரு கை. ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் சும்மா இருப்பதில்லை. ஆதாரப் புகைப்படங்களை எதிரில் வைத்துக்கொண்டு பார்ப்பது அவர் வேலை. நானும் என் தங்கையும் இந்த முறையில்தான் கட்டுகிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எந்த வண்ணத்தை எந்த விகிதத்தில் கலந்தீர்கள், எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தம், எந்த வார்னிஷ், எத்தனை மணி நேரம் காயவிட்டீர்கள் என்பதை அவ்வப்போது எழுதுங்கள். ஒருவர் கலந்த பச்சையை மற்றவர் அடுத்த வாரம் திரும்பக் கலக்க வேண்டியிருக்கும். கலவையை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் பூசி, காம்பில் விகிதத்தை எழுதி வைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஒட்டும் வேலை

பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். சிறிது மிச்சம் விட்டு வெட்டி, பிறகு கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். பிளாஸ்டிக்குக்கு மெல்லிய திரவ சிமென்ட் போதும். பாகங்களை முதலில் பொருத்திப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் திரவம் தானே உள்ளே ஓடிவிடும். பித்தளைத் தகட்டுக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ.

டரட்டின் வார்ப்புச் சொரசொரப்பு பல கிட்களில் போதாது. திரவ சிமென்ட்டைச் சிறு பரப்பில் தடவி, பிளாஸ்டிக் இளகியதும் பழைய முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்தி எடுங்கள். மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்னும் கெட்டியான பிரைமர் இருந்தால் அதைக் குத்திப் பூசலாம். ஹல் தகடுகளில் இதைச் செய்யாதீர்கள். அவை உருட்டுத் தகடுகள், வழவழப்பாகவே இருக்க வேண்டும். மட்கார்டுகளின் ஓரத்தைக் கத்தியால் உட்பக்கமாகச் சீவி மெலிதாக்குங்கள். அசலில் அவை சில மி.மீ. தகடுகள். ஒரு முனையில் லேசாக நெளித்துவிட்டால் இன்னும் பொருந்தும்.

இரண்டு ஜோடிக் கைகள் கட்டாயம் தேவைப்படுவது டிராக்கில்தான். டி-34இன் டிராக் மேல்பக்கம் சக்கரங்களின் தலையிலேயே படுத்திருக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் நடுவில் தன் எடையால் தொய்யும். தனித்தனிக் கண்ணிகளாக வரும் டிராக் என்றால், ஒரு ஸ்கேலை ஓரத்தில் வைத்து, ஒரு பக்கத்துக்கு வேண்டிய கண்ணிகளை நேர்க்கோட்டில் ஒட்டுங்கள். அரை மணி நேரம் விடுங்கள். பசை பிடித்திருக்கும், ஆனால் இறுகியிருக்காது. இப்போது ஒருவர் பட்டையின் இரு முனைகளையும் பிடித்துச் சக்கரங்களைச் சுற்றிக் கொண்டுவர, மற்றவர் பின்னாலுள்ள ஓட்டுச் சக்கரத்தில் கண்ணிகள் சரியாக உட்காரும்படி பல்குச்சியால் அழுத்த வேண்டும். முனைகள் சேர்ந்ததும் மட்கார்டுக்கும் டிராக்குக்கும் நடுவே பஞ்சுத் துண்டுகளைச் செருகுங்கள். அவை டிராக்கைச் சக்கரத்தின்மேல் அழுத்திப் பிடிக்க, மறுநாள் அந்தத் தொய்வு அப்படியே நிற்கும். சக்கரங்களை ஹல்லில் ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருந்தால், டிராக்கும் சக்கரமும் ஒரே துண்டாகக் கழன்று வரும். வண்ணம் பூச அதைவிட வசதி வேறில்லை.

அடிவண்ணம்

பிரைமர் இல்லாமல் அடிவண்ணம் பூச வேண்டாம். பித்தளை, ரெசின், பிளாஸ்டிக் மூன்றும் ஒரே நிறத்துக்கு வந்தால்தான் மேலே பூசுவது ஒரே மாதிரி தெரியும். விட்டுப்போன இடுக்குகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

சோவியத் வண்டிகளின் 4பிஓ என்னும் பச்சை, மஞ்சள் சாயல் உள்ள மங்கிய பச்சை. டாமியா அக்ரிலிக்கில் அடர்பச்சையோடு சிறிது மஞ்சளும் பழுப்பு மஞ்சளும் கலந்து நெருங்கலாம். சின்ன மாடலில் எந்த நிறமும் அசலைவிட இருட்டாகத் தெரியும், மேலே வரப்போகும் வாஷும் இன்னும் இருட்டாக்கும். எனவே சரியென்று தோன்றுவதைவிட ஒரு படி வெளிறிய பச்சையில் தொடங்குங்கள். ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர், ஏர்பிரஷில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், 0.3 மி.மீ. நாசில் என்று வைத்துக்கொண்டு மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். வெயிலும் மழையும் படும் மேல்தட்டுகளுக்கு அதே பச்சையில் சிறிது மஞ்சள் சேர்த்து இரண்டாம் பூச்சு.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈரக்காற்று மிகுந்த நாளில் லாக்கர் வண்ணமோ வார்னிஷோ அடித்தால் மேலே வெண்படலம் பூக்கும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருக்கட்டும், மழை நாளில் வார்னிஷை ஒத்திப்போடுங்கள். ஏர்பிரஷ் ஓடும் அறையில் வெளியே காற்றைத் தள்ளும் விசிறி வேண்டும். இருவருமே கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி அணிய வேண்டும். துணிக் கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. "பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்று மற்றவர் முகமூடி இல்லாமல் உட்கார அனுமதிக்காதீர்கள்.

வெள்ளைப் பட்டைக்கு ஹேர்ஸ்ப்ரே முறை. பச்சை நன்றாகக் காய்ந்து வார்னிஷும் ஆன பிறகு, பட்டை வரும் இடத்தில் மட்டும் ஹேர்ஸ்ப்ரே இரண்டு பூச்சு. அது காய்ந்ததும் மேலே அக்ரிலிக் வெள்ளை. அரை மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் நனைத்த தூரிகையால் மெல்லத் தேய்த்தால் கீழே ஹேர்ஸ்ப்ரே கரைய, வெள்ளை பிய்ந்து வரும். எங்கே தேய்ப்பது என்று தாளைப் பாருங்கள். டரட் பக்கத்துக் கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றித் தேய்க்கலாம். காலாட்படையினர் பிடித்துத் தொங்கிய இடம் அது. கைக்கெட்டாத இடத்தில் வெள்ளை கெட்டியாகவே இருக்கட்டும்.

வெதரிங்: படி வரிசை

1980களில் பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா ஃபெர்லிண்டன் செய்த மாடல்களால் இருட்டு வாஷும் அதன்மேல் டிரைபிரஷும் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் வெளிர் நிறம் தேய்ப்பது) உலகெங்கும் பரவின. பின்னர் ஸ்பெயினின் மிக் ஹிமேனெஸ் போன்றவர்கள் பிக்மென்ட் பொடிகளைப் பரவலாக்கினார்கள். அமெரிக்கரான மைக்கேல் ரினால்டி எண்ணெய் வண்ணத்தை நுணுக்கமாகக் கையாளக் கற்றுக்கொடுத்தார். கீழே உள்ள வரிசையில் இவை எல்லாவற்றின் பயனும் உண்டு. வரிசைக்குக் காரணம் வேதியியல். அக்ரிலிக் மேல் எனாமலும் எண்ணெய் வண்ணமும் போகலாம், டர்பன்டைன் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. லாக்கர் தின்னர் எல்லாவற்றையும் கரைக்கும். அதை இந்தக் கட்டத்தில் மேசையிலேயே வைக்காதீர்கள்.

1. வாஷ். நீர்த்த அடர்பழுப்பு எனாமலை போல்ட் தலை, பற்றவைப்புத் தடம், மூடியின் இடுக்கு ஆகியவற்றில் மட்டும் தூரிகை நுனியால் தொடுங்கள். கால் மணி நேரம் கழித்து, தின்னரில் லேசாக நனைந்த தூரிகையால் வழிந்ததைத் துடையுங்கள்.

2. சிப்பிங். நுரைப்பஞ்சுத் துண்டை அடர்பழுப்பில் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றிவிட்டு, விளிம்புகளில் தட்டுங்கள். முன்தகட்டில் ஓட்டுநர் மூடியைச் சுற்றி அதிகம் வேண்டும், ஓட்டுநர் உடம்பை நுழைக்கும் வழி அதுதான். அடுத்து டரட் மேல்மூடிகளின் ஓரம், எஞ்சின் தளத்தின் விளிம்பு. ஆள் தொடாத இடத்தில் சிப்பிங் வேண்டாம்.

3. எண்ணெய் வண்ணம். குழாயிலிருந்து ஒரு அட்டைமேல் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிவிட, வண்ணம் பளபளப்பில்லாமல் காயும். மஞ்சள், வெளிர் பழுப்பு, அடர்பழுப்புப் புள்ளிகளைத் தகட்டில் வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். மழைநீர் ஓடும் திசை அது. இதில் கைமாற்றம் நன்றாக வேலை செய்யும். ஒருவர் புள்ளி வைக்க, மற்றவர் இழுக்கலாம். வண்ணம் மெதுவாகக் காய்வதால் பேசி முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

4. சேறும் தூசியும். அடிப்பகுதிக்குத் தடித்த சேறு, மேலே போகப்போக மெல்லிய தூசி. தோட்டத்து மண்ணை உலர்த்தி மல்துணியில் சலித்தும் பயன்படுத்தலாம். 1 மி.மீ. பரல் இங்கே 35 மி.மீ. கல்லாகிவிடும் என்பதால் மாவுபோல் சலியுங்கள். பிக்மென்ட்டை உலர்வாக இடுக்குகளில் இட்டு, அதன் ஓரத்தில் டர்பன்டைன் துளியைத் தொட்டால் பரவி ஒட்டும். சாம்பல் தூசிக்கு மேல் செங்கற்பொடி நிறம் கொஞ்சமாக, மட்கார்டிலும் எஞ்சின் தளத்திலும் மட்டும்.

5. உலோகத் தேய்வு. பென்சில் கரித்தூளை விரலில் எடுத்து டிராக்கின் தரை தொடும் முகட்டில் தேயுங்கள். டி-34இல் டிராக்கின் உட்பக்கக் கொம்புகளைப் பற்றித்தான் ஓட்டுச் சக்கரம் இழுக்கும். அந்தக் கொம்புகளும் மினுங்க வேண்டும். ஐந்து பெரிய சக்கரங்களின் ஓரம் ரப்பர், அங்கே உலோகப் பளபளப்பு கூடாது.

6. எண்ணெய்க் கசிவு. இது கடைசி, ஏனென்றால் தூசிக்கு மேலேயும் பளபளக்கும் ஒரே கறை இதுதான்.

கடைசிப் படியில் எங்களுக்குள் நடந்த பேச்சு ஒன்றை இங்கே தருகிறேன், இந்த அத்தியாயம் சொல்லவரும் பழக்கம் அதில் இருப்பதால். டி-34இன் பக்கவாட்டில் இருக்கும் உருளைத் தொட்டி ஒன்றில் மூடிக்குக் கீழே டீசல் வழிந்த கோட்டை நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அந்தத் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் போகுதா?"

"இல்லம்மா. ஆளுங்கதான் அதை எடுத்து உள்தொட்டியில ஊத்தணும்."

"அப்போ உள்தொட்டி மூடியைச் சுத்தியும் சிந்தியிருக்குமே? ஊத்துனவங்க நின்ன இடத்துல பூட்ஸ் தடமும் இருக்கணுமில்ல?"

அந்தக் கேள்வியால் ஹல் மேல்தட்டில் மூடியைச் சுற்றி ஒரு ஈர வளையமும், அதன் பக்கத்தில் தூசி மிதிபட்டுத் தேய்ந்த ஒரு திட்டும் வந்தன. பார்க்கிறவர்கள் கண் இன்றும் முதலில் அங்கேதான் போகிறது. இரவோடு இரவாக எரிபொருள் ஊற்றிய ஒரு மனிதர் அந்தத் திட்டில் நின்றிருக்கிறார். இந்த வண்டிகள் போரில் ஓடியவை, உள்ளே ஐந்து உயிர்கள் இருந்தவை. கறையைக் காரணத்தோடு வைப்பது அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதையும்கூட.

கருத்து மோதும்போது

மூன்று விதிகள் போதும். முதல் விதி, இருவரில் யார் "போதும்" என்று சொன்னாலும் தூரிகை கீழே போக வேண்டும். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள். கூட்டுவது என்றைக்கும் முடியும், எடுப்பது கடினம். இரண்டாவது, வாதம் தீராவிட்டால் தாளையும் புகைப்படத்தையும் பாருங்கள். இரண்டிலும் இல்லாத விளைவு வண்டியிலும் வேண்டாம். மூன்றாவது, புதிய முறை எதையும் உடைந்த பழைய ஹல் ஒன்றில் செய்து காட்டிய பிறகே வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பழைய ஹல் வாதத்தைப் பாதியாகக் குறைக்கும்.

கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும் உதவும். நிறம் மறைந்துவிட, எந்த இடம் அளவுக்கு மீறி இருட்டு, எது வெளிறல் என்பது இருவருக்கும் ஒன்றாகத் தெரியும்.

முடிந்தது என்று எப்போது சொல்வது

ஒருவர் வண்டியில் ஏதாவது பத்து தடங்களைப் பல்குச்சியால் காட்டட்டும். அவற்றுக்கு மற்றவர் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லட்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பதில் வராத தடத்தை டர்பன்டைனால் தணித்துவிடுங்கள். இருபதுக்கும் பதில் வந்தால் மங்கல் வார்னிஷ் தேவையான இடங்களில் மட்டும் அடித்து வேலையை முடிக்கலாம். பிக்மென்ட் மேல் வார்னிஷ் பட்டால் தூசி இருட்டாகிவிடும், அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்த வண்டியில் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். வாஷ் போட்டவர் சிப்பிங் செய்யட்டும், டிராக் கட்டியவர் ஏர்பிரஷ் பிடிக்கட்டும். ஒரு வேலையைத் தன் கையால் செய்து பார்த்தவர் கேட்கும் "ஏன்?" மேலும் கூர்மையாக இருக்கும். அதற்குப் பதில் தேடும்போது இருவர் கைகளும் தேறும்.